மின் துணைநிலையத்துக்கு எதிரே வீடு: கருவிலிருக்கும் குழந்தையைக் காந்தப்புலம் பாதிக்குமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். படுக்கையறைக்கு எதிரே மின் துணைநிலையம் இருக்கிறது. எனக்கு இது 14ஆவது வாரம். காந்தப்புலத்தால் கர்ப்பிணிகளுக்கு ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ கூடும் என்று படித்தேன். கைப்பேசிச் செயலியில் பார்த்தபோது 45 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) காட்டியது. கணவர் வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் வாங்கி வந்திருக்கிறார். அவர் சமையலறைச் சன்னலோரம்தான் புகைப்பார் என்பதால் அந்தக் கவலை இல்லை. மாத்திரைகளைச் சாப்பிடலாமா?

பதில்: உங்களைப் பயமுறுத்திய அந்த 45, பெரும்பாலும் பூமியின் காந்தப்புலம்தான். சிங்கப்பூரில் அது ஏறத்தாழ 42 மைக்ரோடெஸ்லா. விளையாட்டுத் திடலின் நடுவில் நின்று பார்த்தாலும் செயலி கிட்டத்தட்ட அதையே காட்டும். கைப்பேசியில் உள்ள உணரி திசைகாட்டிக்காக வைக்கப்பட்டது. மின்சாரத்தால் உண்டாகும் புலமோ நொடிக்கு 50 முறை அலைவது. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது 0.1 மைக்ரோடெஸ்லாவைச் சுற்றியே இருக்கும், மூலத்திலிருந்து விலக விலக விரைவாகக் குறையும். பொதுமக்களுக்கு 2010ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி வகுத்த வரம்பு 200 மைக்ரோடெஸ்லா.

உடலில் உருவாகும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள், அவற்றை அடக்கும் குளுட்டோதயோன் போன்ற காப்புப் பொருள்களை மிஞ்சும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். கர்ப்பத்தில் அது ஓரளவு இயல்பானதும்கூட: 10 முதல் 12 வாரங்களுக்குள் தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் முழுமையாகப் பாயத் தொடங்கும்போது அங்கே ஆக்சிஜன் அளவு ஏறத்தாழ மும்மடங்காகிறது, அந்தக் கட்டத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். காந்தப்புலம் இந்த அழுத்தத்தைக் கூட்டியதாகச் சொல்லும் எலி ஆய்வுகள் பலவற்றில் பயன்பட்டது, வீட்டில் இருப்பதைப் போல் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மடங்கு வலிய புலம்.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் 2017இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஒன்றை நான் ஒதுக்கிவிடவில்லை. 913 கர்ப்பிணிகளில், அதிகப் புலத்துக்கு உட்பட்டவர்களிடம் கருச்சிதைவு 24 விழுக்காடாகவும் குறைந்த புலத்தில் இருந்தவர்களிடம் 10 விழுக்காடாகவும் இருந்தது. ஆனால் அளவெடுத்தது ஒரே ஒரு நாள். மேலும், கரு நன்றாக வளரும்போது குமட்டலும் சோர்வும் மிகுந்து பெண்கள் வீட்டோடு இருந்துவிடுவதால், நாலு இடம் போய்வருபவர்களைவிட அவர்கள் எதிர்கொள்ளும் புலம் குறைவாகவே பதிவாகும் என்ற விளக்கமும் உண்டு. ஆகவே இதைக் கொண்டு காரணத்தை உறுதிசெய்ய முடியாது. மனநிம்மதிக்காகக் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள். வீடு மாற வேண்டியதில்லை.

மாத்திரைகளைத் தொடங்க வேண்டாம். முன்சூல்வலிப்பு (கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும் நோய்) அபாயம் கூடிய ஏறத்தாழ 2,400 பெண்களிடம் பிரிட்டனில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் அந்நோயைத் தடுக்கவில்லை. மாறாக, எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறந்தன. கொய்யா, கீரை, பருப்பு, உங்கள் மருத்துவர் எழுதித் தந்த ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து ஆகியவை போதும்.

கவலையில்லை என்று நீங்கள் எழுதிய விஷயம்தான் எனக்குக் கவலையளிக்கிறது. சன்னலோரம் விடும் புகை வீட்டுக்குள் திரும்பி வரும். சட்டையிலும் திரைச்சீலையிலும் படியும். அது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுவதும், குழந்தையின் எடையைக் குறைப்பதும் நன்கு நிறுவப்பட்டவை. உங்கள் நலனில் இவ்வளவு அக்கறை கொண்ட கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் சென்று, புகையை விடுவதற்கான உதவியை அங்கேயே கேளுங்கள்.