நாற்பது ஸ்டூடியோவுக்கு மெயில் போட்டும் பதில் இல்லையே?

கேள்வி: ஆடியோ இன்ஜினியரிங் டிப்ளமோ முடித்து 14 மாதம் ஆகிறது. வயது 24. இதுவரை நாற்பது ஸ்டூடியோக்களுக்கு மெயிலும் டெமோவும் அனுப்பிவிட்டேன். இரண்டு பேர் "பார்க்கலாம்" என்றார்கள், மற்றவர்களிடமிருந்து மூச்சே இல்லை. இதற்கிடையே நண்பர்களின் இரண்டு பேண்டுகளுக்கு இலவசமாக ரெக்கார்டிங் செய்தேன். அதில் ஒன்றின் ஃபைல்களை ட்ரம்மர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எல்லா ட்ராக்குகளையும் கலந்து செய்த மிக்ஸ் எனக்கே திருப்தி இல்லாததால் இன்னும் கொடுக்கவில்லை. மைக் ஒலியை ஏற்றித் தரும் நல்ல ப்ரீஆம்ப் ஒன்று வாங்கட்டுமா, முடிந்த மிக்ஸைக் கடைசியாக மெருகேற்றும் மாஸ்டரிங் கோர்ஸில் சேரட்டுமா, இல்லை வேறு வேலைக்கே போய்விடட்டுமா?

பதில்: ப்ரீஆம்ப் வேண்டாம். கோர்ஸும் இப்போதைக்கு வேண்டாம். வேறு வேலைக்குத் தாராளமாகப் போங்கள், ஆடியோவை விடாமல்.

டெமோ கேட்டு யாரும் அசிஸ்டன்ட்டைச் சேர்ப்பதில்லை. உங்கள் மிக்ஸில் பேஸ் ஒலி எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்பது ஸ்டூடியோ நடத்துகிறவருக்கு இப்போது தேவையே இல்லாத விஷயம். மிக்ஸ் செய்ய அவர் இருக்கிறார். அவருக்கு வேண்டியது, பத்து மணி செஷனுக்கு ஒன்பதுக்கே வந்து ஸ்டாண்டுகளைப் போட்டு, ஒவ்வொரு ஹெட்ஃபோனையும் தன் காதில் மாட்டிப் பார்த்து, பாடகர் வந்த பிறகு கேட்டால் மட்டும் பேசுகிற ஓர் ஆள். இதை மெயிலில் எப்படி நிரூபிப்பீர்கள்? அதனால்தான் அந்த இடம் வேறு விதமாக நிரம்புகிறது. இருக்கிற ஆளுக்குக் காய்ச்சல் வரும், அல்லது அவர் பெரிய வேலைக்குப் போவார். "யாராவது தெரியுமா?" என்று ஒரு போன் போகும். எதிர்முனையில் ஒரு பெயர் சொல்லப்படும். உங்கள் முயற்சி எல்லாம் அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கவேண்டும் என்பதற்குத்தான்.

பெரிய ஆட்களுக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் பாட்டுகளை ரெக்கார்ட் செய்த ஜெஃப் எமெரிக் 1962-ல் லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோவில் பையனாகச் சேர்ந்தார். டேப் மெஷின் பட்டனை அழுத்துவது, இசைத்தட்டு அச்சுக்கான டிஸ்க் வெட்டுவது என்று நாலு வருஷம். பீட்டில்ஸின் இன்ஜினியராக இருந்த நார்மன் ஸ்மித் தயாரிப்பாளராக மாறியதும் நாற்காலி காலியானது. 1966-ல் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கூப்பிட்டு உட்காரவைத்தது இருபது வயது எமெரிக்கை. அதற்குமுன் எத்தனையோ செஷன்களில் அசிஸ்டன்ட்டாக அதே அறையில் இருந்தவர் அவர், புது முகம் அல்ல.

அமெரிக்க ரெக்கார்டிங் இன்ஜினியர் ஆல் ஷ்மிட் கதை இன்னும் சுவாரஸ்யம். சின்ன வயதிலிருந்தே மாமாவின் ஸ்டூடியோவில் சுற்றித் திரிந்தவர், பத்தொன்பது வயதில் நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். சேர்ந்து மூன்று மாதம்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை அவர் தனியாக இருந்தபோது ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் முழு ஆர்கெஸ்ட்ராவும் வந்து இறங்கிவிட்டது. சீனியர்கள் யாரும் போனில் கிடைக்கவில்லை. எனக்கு இதற்குத் தகுதியில்லை என்று எலிங்டனிடமே திரும்பத் திரும்பச் சொன்னாராம், அவர்தான் தட்டிக்கொடுத்து உட்காரவைத்தார். கைகொடுத்தது எது தெரியுமா? சீனியர்கள் எந்த மைக்கை எங்கே வைக்கிறார்கள் என்று தினமும் படம் வரைந்து வைத்திருந்த ஒரு நோட்டுப் புத்தகம். பின்னாளில் 20 கிராமிக்குக் குறையாமல் வாங்கியவர்.

என் விஷயம் இவ்வளவு பெரிதல்ல, ஆனால் உங்களுக்கு இதுதான் அதிகம் உதவும். கோர்ஸ் முடித்த புதிதில் நானும் மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ட்ரம்மர் தன் பயிற்சியை ரெக்கார்ட் செய்து தரச் சொன்னார். செய்து, அன்று ராத்திரியே ஃபைல்களை அனுப்பினேன். கிக், ஸ்னேர், ஓவர்ஹெட் என்று ட்ரம்ஸின் ஒவ்வொரு மைக் ட்ராக்குக்கும் பெயர், எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும்படி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ், கூடவே டெம்போவும் செட்டிங்கும் எழுதிய ஒரு சின்னக் குறிப்பு. அவ்வளவுதான். மிக்ஸ் சுமார்தான். ஏழு மாதம் கழித்து ராத்திரி பதினொன்றுக்கு முன்பின் தெரியாத ஒரு இன்ஜினியர் கூப்பிட்டார்: "நாளைக்கு என் அசிஸ்டன்ட் வரமாட்டான். அந்த ட்ரம்மர் உங்க பேரைச் சொன்னார். ஃபைல் எல்லாம் ஒழுங்கா தருவீங்களாமே?" என் டெமோவை அவர் இன்றுவரை கேட்டதில்லை.

அந்த முதல் நாள் கேபிள் சுற்றுவதில்தான் பாஸானேன். முழங்கைக்கும் கைக்கும் நடுவே கயிறு மாதிரி சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொண்டு சீக்கிரம் சாகும். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக, மறுபடி நேராக. இப்படிச் சுற்றிய கேபிளை நுனியைப் பிடித்து வீசினால் முடிச்சு விழாமல் ஓடும். அந்த இன்ஜினியர் நான் சுற்றி வைத்ததை ஒன்றும் பேசாமல் எடுத்து வீசிப் பார்த்தார். அப்புறம்தான் மறுநாளைக்கும் வரச் சொன்னார். இதேபோல, மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் போடுவதற்கு முன் சேனலை மியூட் செய்கிறீர்களா என்பதையும் கவனிப்பார்கள். செய்யாவிட்டால் ஹெட்ஃபோனில் இருப்பவர் காதில் 'டப்' என்று அடிக்கும், ஒரு பாடகர் அதை மறக்கவே மாட்டார்.

கெட்ட பெயரும் அதே வேகத்தில் பரவும். ஐந்தாவது செஷனிலோ என்னவோ, பாடகி கேட்கும்படி "ரெண்டாவது டேக் இன்னும் நல்லா இருந்ததே" என்றேன். உண்மைதான். ஆனால் தயாரிப்பாளர் அப்போதுதான் ஐந்தாவது டேக்கைப் பாராட்டி அவருக்குத் தைரியம் ஏற்றிக்கொண்டிருந்தார். அறை அப்படியே உறைந்துபோனது. அடுத்த நாலு மாதம் அங்கிருந்து போன் வரவில்லை. கருத்து இருந்தால் ஒவ்வொரு டேக்கையும் குறித்து வைக்கும் டேக் ஷீட்டில் ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள், கேட்கும்போது காட்டலாம்.

இனி விடாமுயற்சி பற்றி. நாற்பது பேருக்கு ஒரு தரம் எழுதுவது விடாமுயற்சி ஆகாது. பத்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடன் தொடர்பில் இருப்பதுதான் அது. டெமோவை இணைக்காதீர்கள். நாலு வரி போதும்: "வணக்கம். நீங்கள் செய்த இன்ன ஆல்பத்தின் கிட்டார் ஒலியைக் கேட்டுத்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது. செட்டப், எடிட்டிங், ஃபைல் பேக்கப் மூன்றும் எனக்கு வரும். திடீரென்று ஆள் தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன், என் எண் கீழே இருக்கிறது." பதில் வராவிட்டால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு தரம், அதுவும் சொல்ல ஏதாவது புதிதாக இருந்தால் மட்டும். வாராவாரம் "என்ன சார் ஆச்சு?" என்று கேட்கிறவரின் எண் எந்தப் பெயரில் சேமிக்கப்படும் என்று உங்களுக்கே தெரியும். "பார்க்கலாம்" என்ற அந்த இரண்டு பேர் உங்கள் பட்டியலில் முதலில் வரட்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. இந்தத் துறையில் உறவு என்றதும் எல்லாரும் மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் பாருங்கள். உங்களோடு படித்தவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள், பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள், வேறு ஸ்டூடியோவில் இருக்கும் அசிஸ்டன்ட்கள், இவர்கள்தான் பத்து வருஷம் கழித்து ஆள் தேடுவார்கள். பெரிய இன்ஜினியருக்கு உங்களைப் போல இருநூறு பேர் எழுதுகிறார்கள். இன்று தன் முதல் குறும்படத்தை எடுக்கிறவருக்கு டயலாக் எடிட் செய்து தர யாருமே இல்லை.

இலவச வேலைக்கு எல்லை போடுங்கள். முதல் பாட்டு இலவசம், இரண்டாவதுக்குக் காசு என்று ஆரம்பத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். எல்லை சொல்லாமல் செய்தால் மனதுக்குள் கசப்பு சேரும், அது நட்பையும் கெடுக்கும். செலவுக்கு வேறு வேலை பார்ப்பதில் கேவலம் எதுவும் இல்லை. முடிந்தால் மாலையும் வார இறுதியும் கையில் இருக்கிற வேலையாக எடுங்கள், ஏனென்றால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அப்போதுதான். லைவ் சவுண்டை மட்டமாக நினைக்காதீர்கள். நாலு மணிக்கு மேடை ஏறி ஆறு மணிக்குள் பதினாறு மைக்கையும் பிழையில்லாமல் செக் செய்கிற பழக்கம் எந்த கோர்ஸிலும் கிடைக்காது, ஒரே வாரத்தில் முப்பது இசைக்கலைஞர்களும் அறிமுகமாவார்கள். ஆனால் காதுக்கு ப்ளக் இல்லாமல் போகாதீர்கள். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு சொல்லும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிஷம், அதாவது மூன்று நான்கு பாட்டு.

மாஸ்டரிங் கோர்ஸை இரண்டு வருஷம் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம், மாஸ்டரிங் வேலை ஏற்கெனவே உங்களை நம்புகிறவர்களிடமிருந்துதான் வரும், அவர்களை நீங்கள் இன்னும் சம்பாதிக்கவில்லை. ப்ரீஆம்ப் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், இப்போது மைக்கை கம்ப்யூட்டரோடு இணைக்க வைத்திருக்கிற இன்டர்ஃபேஸில் இருப்பதே போதும். கை அரித்தால் அந்தக் காசில் ஒரு நல்ல கேபிள் டெஸ்டரும் கீபோர்டு, கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கிற இரண்டு டிஐ பாக்ஸும் வாங்குங்கள். மேடையில் ஒரு கீபோர்டு சத்தமில்லாமல் நிற்கும்போது எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள்.

சரி, அந்த ட்ரம்மர். மிக்ஸ் திருப்தியில்லை என்று இன்னும் ஃபைலைக் கொடுக்கவில்லை என்கிறீர்கள். அவர் மிக்ஸுக்காகக் காத்திருக்கவில்லை, தான் வாசித்ததைக் கேட்கத்தான் காத்திருக்கிறார். ட்ராக்குகளுக்குப் பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே புள்ளியிலிருந்து பவுன்ஸ் செய்து, அதாவது தனித்தனி ஃபைலாக எடுத்து, ஒரு ரஃப் மிக்ஸும் சேர்த்து, தாமதத்துக்கு ஒரு வரி மன்னிப்போடு இன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள்.