நிற்காத சினையும் தட்டில் வளரும் நஞ்சுக்கொடியும்

அன்புள்ள ஐயா,
வியாசர்பாடியில் கறவை மாடு வைத்திருக்கிறோம். மாட்டுக் கருவிலிருந்து நஞ்சுக்கொடி செல்லை லேபில் வளர்ப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கன்றாக வேண்டியதைக் கலைத்துத் தட்டில் வளர்த்து யாருக்கு என்ன லாபம்? எங்கள் ஜெர்சிக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அதற்கு வழி சொன்னாலாவது புண்ணியம்.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கரு எந்தப் பசுவின் வயிற்றிலிருந்தும் பிடுங்கியதல்ல. நம் புளியந்தோப்பு ஆடுதொட்டி மாதிரியான இறைச்சிக்கூடங்களில் வீணாகப் போகும் சூலகத்திலிருந்து முட்டையை உறிஞ்சி எடுத்து, லேபிலேயே விந்தோடு சேர்த்து ஏழெட்டு நாள் வளர்ப்பார்கள். அப்போது உள்ளே ஒரு கொத்து செல் இருக்கும், கன்று அதிலிருந்துதான் வரும். சுற்றியுள்ள ஒற்றை அடுக்கு நஞ்சுக்கொடிக்குப் போகும். அந்த அடுக்கை எலி செல் பரப்பிய தட்டில் ஒட்டவிட்டால் விரிந்து பரவி, அடியில் நீர் கோத்து, அங்கங்கே கொப்புளமாக எழும்பும், சில பிய்ந்து உருண்டையாக மிதக்கும். தனித்தனி செல்லாகப் பிரித்தால் பிழைப்பது கஷ்டம் என்பதால் துண்டு துண்டாக வெட்டித்தான் அடுத்த தட்டுக்கு மாற்றுவார்கள். அமெரிக்காவின் சிடி-1 (2000) என்ற செல் வரிசை இப்படி வந்தது, ஜப்பானின் பிடி-1 (2001) எலி செல் இல்லாத தட்டிலேயே வளர்ந்தது. ஒருமுறை பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் பெருகும், ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் கரு தேட வேண்டாம்.

லாபம் உங்கள் ஜெர்சி விஷயத்திலேயே இருக்கிறது. ஊசி போட்ட பதினாறாம் நாள் வாக்கில் கரு நூலாக நீண்டு இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதத்தைச் சுரக்கும். அது போதாவிட்டால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, சூலகத்தில் சினையைத் தாங்கும் மஞ்சள் திரள் கரைந்து, 21-ஆம் நாள் வாக்கில் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். நாம் 'ஊசி பிடிக்கலை' என்போம். பல நேரம் பிடித்துத்தான் இருக்கும், கரு தாக்குப்பிடித்திருக்காது. வயிற்றுக்குள் எளிதில் பார்க்க முடியாத அந்த வாரத்தை ஆராய இந்த செல்கள் உதவுகின்றன, தட்டிலும் அதே புரதத்தைச் சுரக்கின்றன அல்லவா. ஆனால் கருப்பையே பார்க்காமல் தட்டிலேயே பழகிய செல் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது என்பது என் கட்சி.

சரி, உங்கள் மாட்டுக்கு இதெல்லாம் இப்போதைக்கு உதவாது. காலையில் பருவத்துக்கு வந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் வந்தால் மறுநாள் காலை. சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே கட்டாதீர்கள், சூடு முதல் வாரத்திலேயே கருவைக் கெடுக்கும். பருவத்தில் மாடு விடும் ஒழுக்கு தெளிவாக இல்லாமல் சீழ் கலந்திருந்தால் அது கருப்பைப் புண். எப்படியானாலும் நாலாவது ஊசிக்கு முன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட்டிப்போய் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.