பிளாங்க் விடப் பயப்படாதீர்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்கிறேன். டாக்டர் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் செய்யும் வேலை. பெரும்பாலும் அமெரிக்க ஆஸ்பத்திரிகள். 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு 95-ஐத் தாண்டவில்லை. போன வாரம் பொட்டாசியம் 2.8 இருந்த நோயாளிக்கு ‘ஹைப்பர்கலேமியா’ என்று எழுதிவிட்டேன். பக்கவாத நோயாளிக்கு டிஸ்ஃபேஜியா என்பதை டிஸ்ஃபேசியா ஆக்கினேன். சர்க்கரை 126 என்பதற்குப் பக்கத்தில் மில்லிமோல் போட்டேன். அட்டினோலால் 50 மில்லிகிராமை 15 என்று எழுதினேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் ஆங்கிலத்தில் நான் சுமார்தான். மருத்துவ அகராதி ஒன்றை மனப்பாடம் செய்கிறேன், ‘சி’ எழுத்தைத் தாண்டவில்லை. புரியாத இடத்தை வெட்டி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்பேன். மூன்றே மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று ஓர் ஆன்லைன் வகுப்பு 1,800 வெள்ளி கேட்கிறது. சேரலாமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த அகராதியை மூடி வையுங்கள். சந்தேகம் வரும்போது திறக்கத்தான் அது. நீங்கள் எழுதிய நான்கு தவறுகளையும் திரும்பப் பாருங்கள். அவற்றில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ‘ஸெட்’ வரை மனப்பாடம் செய்திருந்தாலும் இந்த நான்கும் நடந்திருக்கும். காது சொன்னதைக் கை எழுதிவிட்டது. அது முன்வரியோடு ஒத்துப்போகிறதா என்று இடையில் யாரும் கேட்கவில்லை. குறை அங்கேதான்.

பொட்டாசியத்தையே எடுத்துக்கொள்வோம். சாதாரண அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை. அதற்குக் குறைந்தால் ‘ஹைப்போ’, கூடினால் ‘ஹைப்பர்’. 2.8 என்று டைப் செய்த அதே கை, அடுத்த வரியில் ‘ஹைப்பர்’ என்று எழுதவே முடியாது, எண்ணைப் பார்த்திருந்தால். டாக்டர் வேகமாகப் பேசும்போது ஹைப்போவும் ஹைப்பரும் ஒன்றாகத்தான் கேட்கும். எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும் தீராது. தீர்ப்புச் சொல்வது எண்தான்.

பக்கவாத ரிப்போர்ட் இதைவிடக் கடினம், அதற்காக உங்களை நான் கோபிக்க மாட்டேன். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் கோளாறு. பக்கவாதத்தில் இரண்டுமே வரும், ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் வரும். ‘ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்கட்டும்’ என்று டாக்டர் சொன்னாலும் துப்புக் கிடைக்காது, ஏனென்றால் அவர்கள் இரண்டையும் பார்ப்பவர்கள். மூக்குவழிக் குழாய், கெட்டியாக்கிய பானம், புரையேறல், நிமோனியா என்று பேச்சு போனால் விழுங்கும் பிரச்சினை. சொல் வரவில்லை, சொன்னது புரியவில்லை, பொருளைக் காட்டினால் பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால் மற்றது. ஆகவே அந்த வரியில் நிற்காமல் ரிப்போர்ட்டின் கடைசிவரை கேட்டுவிட்டுத் திரும்பி வந்து நிரப்புங்கள். ‘இலியம்’ என்று ஒன்று வருமே, அதுவும் இப்படித்தான். நடுவில் ‘ஈ’ போட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ‘ஐ’ போட்டால் இடுப்பெலும்பு. காதுக்கு இரண்டும் ஒன்றே. டாக்டர் வயிற்றைப் பற்றிப் பேசுகிறாரா, எலும்பு முறிவைப் பற்றியா என்பதுதான் எழுத்தை முடிவு செய்யும்.

சர்க்கரைத் தவறு நம் ஊர்ப் பழக்கத்தால் வந்தது. இங்கே மலேசியக் கிளினிக்கில் சர்க்கரையை ‘கூலா ஏழு’ என்பார்கள். அது மில்லிமோல் கணக்கு. அமெரிக்காவில் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும், ஏழு 126 ஆகும். 126 மில்லிமோல் சர்க்கரையோடு யாரும் ஆஸ்பத்திரிக்கு நடந்து வருவதில்லை. இதற்காக நீங்கள் எதையும் மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். டாக்டர் சொன்ன எண்ணை அப்படியே எழுதி, அந்த நாட்டு அளவைப் போட்டால் போதும். மருந்துப் பெயரிலும் இதே கதை. நமக்குப் பாராசிட்டமால், அவர்களுக்கு அசிட்டமினோஃபென். நமக்கு சால்பியூட்டமால், அவர்களுக்கு ஆல்பியூட்டரால். வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் மருந்துப் பையில் கிளிக்லசைட் இருக்கலாம். அது அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. அங்கே வருவது கிளிபிசைட். பழகிய பெயர் காதில் தானாகவே ஒட்டிக்கொள்ளும், கவனம்.

அடுத்தது 15, 50. அட்டினோலால் மாத்திரை 25, 50, 100 என்றுதான் வரும், ஆகவே 15 தவறென்று மருந்தே காட்டிக்கொடுக்கும். ஆனால் பிரெட்னிசோலோனில் 15-ம் கொடுப்பார்கள், 50-ம் கொடுப்பார்கள். அங்கே எதுவும் காட்டிக்கொடுக்காது. அப்போது என்ன செய்வீர்கள்? பிளாங்க் விடுங்கள். எந்த நிமிடம், எந்த நொடி என்று குறித்து, ‘15-ஆ 50-ஆ தெளிவில்லை’ என்று சரிபார்ப்பவருக்கு எழுதி அனுப்புங்கள். பிளாங்க் விட்டால் மார்க் குறையும் என்ற பயத்தில் ஊகித்து எழுதுகிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். வெற்றிடத்தை யாராவது நிரப்புவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும் தவறான எண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது நேராக நோயாளியின் கோப்புக்குப் போய்விடும். இப்படிப்பட்ட குழப்பத்தில் ஆஸ்பத்திரிகளே ஏமாந்திருக்கின்றன. வயிற்று அமிலத்துக்கான லோசெக்கும், சிறுநீர் போக்கும் லேசிக்ஸும் குழம்பிப்போனதால்தான் அமெரிக்காவில் 1990-இல் முதல் மருந்தின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள்.

இன்சுலினுக்கு ‘யூ’ என்று ஒற்றை எழுத்துப் போடாமல் யூனிட் என்று முழுதாக எழுதுங்கள், அந்த ‘யூ’வைச் சுழியம் என்று படித்துப் பத்தை நூறாக்கிய கதைகள் உண்டு. அதே காரணத்துக்காக 1.0 வேண்டாம், 1 போதும், ஆனால் .5 என்று விடாமல் 0.5 என்று எழுதுங்கள்.

இப்போது வாட்ஸ்அப். இதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் வெட்டிப் போடுவது ஒரு மனிதரின் நோய் விவரம், சில சமயம் பெயரோடு. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் காவல் வேண்டிய தகவலாக வைத்திருக்கிறது. அமெரிக்கச் சட்டமும் இதில் கடுமையானது. மார்க் குறைந்தால் அடுத்த மாதம் ஏற்றிக்கொள்ளலாம். இது தெரிந்தால் வேலையே போகும். குழுவில் கேட்க வேண்டுமானால் சொல்லை மட்டும் கேளுங்கள்: ‘கிளி என்று தொடங்கும் சர்க்கரை மருந்து எவை?’ என்பது போல.

படிப்பது எப்படி? அகர வரிசையை விட்டு, ஒரு மாதத்துக்கு ஒரு துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீரிலிருந்தே தொடங்குங்கள், தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்த நோயின் போக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரியும்: கால் புண், கண், கிட்னி. சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அளவும் மருந்தும் நம் நாட்டுக்குரியவை என்பதை மட்டும் மறக்காமல் படியுங்கள். சொற்கள் தனியாக வராமல் கூட்டமாக வரும், எதற்குப் பக்கத்தில் எது வரும் என்பது பழகிவிடும். சொல்லை உடைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கோலிசிஸ்டெக்டமியில் கோலி பித்தம், சிஸ்ட் பை, எக்டமி வெட்டி எடுப்பது. அதையே ஆட்டமி என்றால் திறப்பது, ஆஸ்டமி என்றால் வாய் அமைத்து விடுவது. இவற்றில் சில டஜன் தெரிந்தால் புதுச் சொல்லும் பாதி தெரிந்த சொல்லாகிவிடும்.

ஆங்கிலம் சுமார் என்ற கவலையை இந்த வேலைக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே வரும் வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருபவை. நீங்கள் பிடிக்க வேண்டியது ‘நோ’, ‘நாட்’ போன்ற குட்டிச் சொற்களை. ‘மருந்து அலர்ஜி எதுவும் இல்லை’ என்பதில் அந்த ‘நோ’ விழுந்துவிட்டால் அர்த்தம் தலைகீழ். டைப் செய்து முடித்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ரிப்போர்ட்டை மட்டும் ஒருமுறை படியுங்கள். காது செய்த பிழையைக் கண் பிடிக்கும்.

வகுப்பு? இப்போதைக்கு வேண்டாம். இன்று பல இடங்களில் கணினியே முதல் பிரதியை எழுதிவிடுகிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. அதில் ஒளிந்திருக்கும் 2.8-க்கும் ஹைப்பருக்கும் உள்ள முரணைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் இனி இந்தத் தொழிலில் சம்பளம். அதை அந்த வகுப்பு சொல்லித் தருமா, நிஜ டாக்டர்கள் பேசிய பதிவில் பயிற்சி உண்டா, உங்கள் எழுத்தை ஆள் உட்கார்ந்து திருத்துவாரா என்று கேளுங்கள். மழுப்பினால் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அதற்கு முன் உங்கள் மேற்பார்வையாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: திருத்திய ரிப்போர்ட்டையும் அதன் ஆடியோவையும் நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள்ளேயே ஒரு வாரம் திறந்து வைக்க முடியுமா என்று. அதற்குச் சல்லிக்காசு செலவில்லை.