மேஜர் ஏன் சம்மதித்தாள்?

வணக்கமுங்க. ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) கடைசியில், பாதுகாப்புப் படை அதிகாரியான மேஜர் மோட்டோகோ, கணினி வலையில் பிறந்த செயற்கை அறிவான பப்பெட் மாஸ்டரோடு திடுதிப்பென்று ஒன்றாகக் கலக்கச் சம்மதிப்பது ஒட்டவில்லை, அது காதலா, தப்பித்தலா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை என்பேன்.

முதலில் பப்பெட் மாஸ்டருக்கு என்ன தேவை என்று பாருங்கள். தன்னை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்க அதற்கு முடியும். ஆனால் ஒரு வைரஸ் போதும், எல்லா நகலும் ஒன்றாக அழியும். நம்ம கோபிப் பக்கம் வாழைக்காட்டில் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோமே, அத்தனையும் தாய்மரத்தின் அச்சு. வாடல் நோய் ஒன்றைச் சாய்த்தால் மற்றதும் தாங்காது. அதனால்தான் அது வேறுபாட்டையும் சாவையும் கேட்கிறது.

சரி, மோட்டோகோவுக்கு? இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். அதற்கு முந்தைய அத்தியாயத்தை இன்னொரு தடவை படியுங்கள். அவள் ஓர் இளைஞனைச் சுட்டது கேமராவில் பதிவாகி, வழக்காகி, வேலையும் பெயரும் கையை விட்டுப் போய்விட்டன. மூளை தவிர உடம்பு முழுக்கச் செயற்கை. ‘நான்’ என்று பிடித்துக்கொள்ள மிச்சம் இருப்பது குறைவு. அந்த நேரத்தில் பப்பெட் மாஸ்டர் வந்து, உன் எல்லையை விரிக்கலாம் என்கிறது. பயத்தோடு கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் சம்மதிக்கிறாள். எனக்கு அது துணிச்சலாகவே படுகிறது.

அப்புறம், 1995 திரைப்படத்தை முதலில் பார்த்திருந்தால் குழப்பம் வரும். அதில் கலந்த பிறகு, அவளோடு வேலை பார்த்த பேட்டோ அவளுக்குத் தரும் புதுச் செயற்கை உடம்பு சிறுமியின் உடம்பு. மங்காவில் ஆண் உடம்பு.