சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை

கேள்வி: 18 வருடமாக பிரஸ் ஷாப்பில் (உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரிவு) வேலை, வயது 46. பேசுவது கேட்கிறது, என்ன பேசினார்கள் என்பதுதான் பிடிபடுவதில்லை. மாலையில் தலை கனக்கிறது, காதில் ரீங்காரம். ஓய்வு வரை இதே வேலையில் தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், மிச்சமிருக்கும் செவித்திறனைக் காப்பாற்றினால். இரைச்சல் முதலில் அரிப்பது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையான உயர் சுருதிப் பகுதியை. உயிரொலி கேட்கும், மெய்யொலி மங்கும். 'பத்து' என்பது 'பட்டு' என்று விழும். விடுபட்டதை மூளை நாள் முழுக்க ஊகித்து நிரப்புகிறது. மாலை அசதிக்கு இது முக்கியக் காரணம். சோம்பல் அல்ல, மேலாளருக்கும் சொல்லுங்கள்.

ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுங்கள். அதற்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலில் இருக்கக் கூடாது. விடுமுறை முடிந்த காலை, ஷிப்ட்டுக்கு முன் நல்லது. வரைபடக் கோடு 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்து 8,000-ல் ஏறியிருந்தால் இரைச்சல்தான் என்று சந்தேகிக்கலாம். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

காதில் வைக்கும் நுரை அடைப்பானைப் பலர் சும்மா செருகிக்கொள்கிறார்கள், வீண். மெல்லிய திரிபோல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, நுழைத்து, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேசுவதற்காகக் கழற்றாதீர்கள்: 100 டெசிபலில் 15 நிமிடமே அன்றைய வரம்பு.

கேட்க உதவும் காதுக்கருவியை அணைத்துக் காதில் வைத்திருப்பது அடைப்பானுக்கு ஈடாகாது. ஒரு காது திடீரென்று மந்தமானால் குறும்பி என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.