பூர்வகுடி ஊர்களில் ஆலோசகர் வேலை: கேட்டதும் சொன்னதும்

கனடாவின் மேற்குக் கரையில், நிறுவனங்களுக்கும் முதற்குடி ஊர்களுக்கும் நடுவே பேச்சுவார்த்தைக்கு வழி செய்வது என் தொழில். இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை அப்படியே போட்டிருக்கிறேன்.

கல்ச்சுரல் சேஃப்டி என்றால் பண்பாட்டைப் பாதுகாப்பதா அக்கா?

இல்லை தம்பி, எதிரே இருப்பவரின் மானத்தை. நியூசிலாந்தில் மாவோரித் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்த கருத்து இது. கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று நோயாளிதான் சொல்ல வேண்டும். அதேபோல, கூட்டம் நன்றாக நடந்ததென்று நானே அறிக்கை எழுதிக்கொள்ள முடியாது.

முதல் கூட்டத்துக்கு நாற்பது ஸ்லைடோடு போனேன். முன்வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பாட்டி, ஊசியை நிறுத்தாமலே "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். நம் ஊர்க் கிழவிகள் கேட்கும் அதே கேள்வி! எனக்கோ பதவியும் நிறுவனமும்தான் வாயில் வந்தன. அவர் விடவில்லை. அப்பா, அம்மா, விட்டு வந்த ஊர் எல்லாம் சொல்லி முடிக்க அரை மணி நேரம். லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர்களே நாள் சொன்னார்கள்.

எந்த சர்டிபிகேட் எடுக்கலாம்?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் சான்யாஸ் என்ற கல்ச்சுரல் சேஃப்டி பயிற்சி, ஆன்லைனிலேயே நடக்கும். அது வாசற்படிதான்.

பெரியவர்களுக்குப் புகையிலை கொடுக்க வேண்டுமாமே?

பிரெய்ரி என்னும் உள்நாட்டுச் சமவெளிப் பக்கம் வழக்கம். கரையோரத்தில் எல்லா ஊரிலும் கிடையாது. போகுமுன் பேண்ட் ஆபீசுக்கு, அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்துக்கு, போன் போட்டுக் கேளுங்கள். பெரியவரை அழைத்தால் சன்மானத்தை அன்றே கையில் கொடுங்கள். 'செக் தபாலில் வரும்' என்ற பேச்சே வேண்டாம்.

தலைவர் கையெழுத்துப் போட்டால் முடிந்ததுதானே?

எந்தத் தலைவர்? தேர்தலில் வரும் ஊர் நிர்வாகக் குழுவான பேண்ட் கவுன்சில், பூர்வகுடிகள் மீது கனடா அரசு போட்ட 1876 இந்தியன் சட்டத்தின் வழி வந்தது. கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்க்கு, வழியில் இருந்த 20 கவுன்சில்கள் ஒப்பந்தம் போட்டன. அதே வழியில் இருக்கும் வெட்சுவெட்டன் முதற்குடியின் பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். 2020 பிப்ரவரியில் நாட்டின் பல இடங்களில் ரயில் மறியல்.

தேர்தலில் வென்றவரை விட்டுப் பரம்பரையைக் கேட்பது ஜனநாயகமா?

அந்தத் தேர்தலை அங்கே கொண்டுவந்தது யார்? கவுன்சிலின் அதிகாரம் ரிசர்வ் என்று அரசு ஒதுக்கிய நிலத்தின் எல்லையோடு சரி, மூதாதையர் நிலத்துக்குப் பொறுப்பு குலவீடுகள் என்பது பரம்பரைத் தலைவர்களின் வாதம். பூர்வகுடி நில உரிமை என்றால் என்ன என்று விளக்கிய 1997 டெல்கமூக் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் பரம்பரைத் தலைவர்கள்தான்.

கவுன்சில்கள் கேட்டது வேலையும் வீடும். அது தப்பா?

நான் தப்பென்று சொன்னேனா? அவர்களுக்குள் இருக்கும் வழக்கைத் தீர்க்க நாம் யார் என்கிறேன். கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவரை மட்டும் தேடிப் போகாதீர்கள். இரண்டு வாசலிலும் போய் நில்லுங்கள். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று நிறுவனத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆன்லைனில் சர்டிபிகேட் உண்டா?

மேலே பாருங்கள்.

நான் ஸ்கார்பரோத் தமிழன். இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம். அந்த ஊரிலேயே ஆள் இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். நானும் ஒரு வேலையை அப்படிக் கைமாற்றியிருக்கிறேன்.

சர்டிபிகேட் இல்லாமல்...

அப்புறம்?

ஊரில் ஒரு சாவு. கூட்டம் ரத்து. மேலாளர் திட்டுகிறார்.

திட்டட்டும். சாவு வீட்டில் யாராவது ஃபைலை நீட்டுவார்களா? பேண்ட் ஆபீசுக்கு போன் போட்டு, சாப்பாடு ஏதாவது அனுப்பலாமா என்று மட்டும் கேளுங்கள். கூட்டத் தேதியைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.