கியூர்பிப்பில் பாடும் பெடல் போர்ட் லூயிஸில் திணறுவது ஏன்?

கேள்வி: ஃபஸ் ஃபேஸ் என்ற கரகர ஒலி பெடலின் சுற்றுப்படத்தைப் பார்த்து வீட்டிலேயே ஒரு கிட்டார் பெடல் (கிட்டாரின் ஒலியை மாற்றும் சிறு காலடிப் பெட்டி) செய்தேன். இரண்டு ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. மொரிஷியஸின் கியூர்பிப்பில் என் அறையில் அருமையாக ஒலிக்கிறது. போர்ட் லூயிஸில் பிற்பகல் ஒத்திகைக்குக் கொண்டுபோனால் ஒலி மெலிந்து, சுரம் அடங்கும் முன்பே அறுந்துவிடுகிறது. மூன்று முறை எல்லாவற்றையும் மறுபடி சாலிடர் செய்துவிட்டேன். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் எதுவுமே வேலை செய்வதில்லை. என்ன தவறு?

பதில்: சாலிடரிங் அயர்னை முதலில் அணைத்துவிடுங்கள். ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. நான்காவது முறை சுட்டால் நல்ல டிரான்சிஸ்டரும் கெட்டுப்போகும்.

உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. கியூர்பிப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், மழையும் குளிருமாக இருக்கும் ஊர். போர்ட் லூயிஸ் கடல் மட்டத்தில் இருக்கிறது. கோடைப் பிற்பகலில், தகரக் கூரைக்குக் கீழே, உங்கள் பெடல் பத்து டிகிரி வரை கூடுதலான வெப்பத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் எப்போதும் கொஞ்சம் மின்கசிவு உண்டு. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

அதனால் என்ன கெடுகிறது? டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால்கள். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 33 கிலோ ஓம் மின்தடை இருக்கிறது. அதன் வழியே ஓட வேண்டிய மின்னோட்டம் மொத்தமே சுமார் 250 மைக்ரோ ஆம்பியர்தான். மலையில் 120 மைக்ரோ ஆம்பியர் கசியும் டிரான்சிஸ்டர் கடற்கரையில் 240 கசிந்தால், அந்த இடம் முழுவதையும் கசிவே பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரிலிருந்து 100 கிலோ ஓம் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டம்தான் இந்தச் சுற்றைச் சமநிலையில் வைக்கிறது. அதற்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டர் மெல்ல மூடிக்கொள்ள, மெல்லிய ஒலிகள் வெளியே வராமலே அறுந்துவிடுகின்றன.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் (சுற்றின் பொது முனையில்) வைத்து, சிவப்பு முனையால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரைத் தொடுங்கள். இவை பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்கள், இங்கே பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட் என்பதால் அளவு மைனஸில் வரும். வீட்டில் 4.5 வோல்ட்டுக்குப் பக்கத்திலும், ஒத்திகை அறையில் 7, 8 வோல்ட்டிலும் நின்றால் குற்றவாளி வெப்பம்தான். பயணம் செய்ய மனமில்லையென்றால், மீட்டரைப் பார்த்துக்கொண்டே முதல் டிரான்சிஸ்டரை விரல்களுக்கிடையே ஒரு நிமிடம் பிடித்திருங்கள். உடல் சூட்டுக்கே எண் நகரும். இரண்டு ஊரிலும் ஒரே தவறான அளவு வந்தால் மட்டும் இணைப்புகளையும் கால்களின் வரிசையையும் திரும்பப் பாருங்கள்.

இனி சரிசெய்வது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள 8.2 கிலோ ஓமை எடுத்துவிட்டு 20 கிலோ ஓம் ட்ரிம்மர் (திருகி அளவை மாற்றும் மின்தடை) போட்டு, வெப்பமான அறையில் 4.5 வோல்ட்டுக்குத் திருப்பிவைக்கலாம். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதாது என்றே படுகிறது, ஏனென்றால் கியூர்பிப்புக்குத் திரும்பியதும் அளவு மறுபடி மாறிவிடும். கசிவு குறைந்த டிரான்சிஸ்டரைத் தேடி எடுப்பதே நிலைத்து நிற்கும் வழி. பேஸ் காலை எதிலும் சேர்க்காமல், எமிட்டரைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கலெக்டரை 1 கிலோ ஓம் மின்தடை வழியாக மைனஸிலும் இணையுங்கள். மின்தடையின் இரு முனைகளுக்கிடையே 0.1 வோல்ட் காட்டினால் கசிவு 100 மைக்ரோ ஆம்பியர். கையால் தொட்டது ஆறும்வரை பொறுத்துப் படியுங்கள். பத்துப் பதினைந்து வாங்கி அளந்து பார்த்து, மிகக் குறைவாகக் கசிவதை முதல் இடத்துக்கு ஒதுக்குங்கள். 50 மைக்ரோ ஆம்பியருக்குள் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே பெயர் அச்சிட்ட இரண்டு ஏசி128 கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சாக்கெட் வைத்துச் செருகினால் மறுபடி சூடுபடுத்தவும் வேண்டியிருக்காது.

சிலிக்கானுக்கு மாறினால் வெப்பத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் கிட்டாரின் வால்யூமைக் குறைத்ததும் ஒலி தெளிந்து வரும் அந்த மென்மைக்காகத்தானே ஜெர்மானியத்தைத் தேடிப் போனீர்கள்? அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடாப்டர் விவகாரம் வேறு. உங்கள் பெடலில் பேட்டரியின் பிளஸ் முனை கிரவுண்டாக இருக்கிறது. மற்றவற்றில் பொதுவாக மைனஸ் முனை. ஒரே அடாப்டரில் சேர்த்தால் கிட்டார் ஒயரின் கவசம் வழியாக பிளஸ்ஸும் மைனஸும் நேருக்கு நேர் முட்டி ஷார்ட் ஆகின்றன. இனி அப்படி மாட்டாதீர்கள், அடாப்டரே எரிந்துபோகலாம். இதற்கென்று தனி பேட்டரி இருக்கட்டும். இந்தச் சுற்று இழுப்பது ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்லை என்பதால் ஒரு பேட்டரி நூற்றுக்கணக்கான மணி நேரம் வரும். பேட்டரி இன்புட் ஜாக் வழியாக இணைக்கப்பட்டிருந்தால், வாசித்து முடித்ததும் அந்த ஒயரைக் கழற்றி வையுங்கள்.